சொன்ன பேச்சு கேட்கும் போன்

ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கிறவருக்கு டோனர் என்று பேர் வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் விரல் இடுக்கில் டோனர் என்கிற அந்தக் கருப்பு மைத்தூள் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அவருக்குக் கை கொடுத்தவர்கள் நைசாக உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வருவார்கள். கடையில் வைத்த பேர் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழைந்து, கடைசியில் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விட்டது. "டோனர் சார், எடை மெஷின்ல ஏறுங்க" என்று நர்சுகளே கூப்பிட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்வதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

ஆஸ்பத்திரி என்றால் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருகிற ஆஸ்பத்திரி இல்லை. டோனரின் கிட்னி இரண்டும் கையை விரித்துவிட்டன. ஒன்றுவிட்டு ஒருநாள் போய் டயாலிசிஸ் படுக்கையில் படுத்துக்கொள்ள வேண்டும். மெஷின் ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப உள்ளே அனுப்பும். ஊசி குத்துவதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருந்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் எந்நேரமும் விர்ரென்று அதிர்ந்துகொண்டே இருக்கும். முதல் சில மாதம் அவர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார். எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டுவிட்டார். வலி இல்லை, சுகமும் இல்லை. "பசிக்குதா?" என்றால் "ம்." "தூங்கினீங்களா?" என்றால் "ம்." தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும், தாகம் எடுக்கிறதா என்பதையே யோசித்துத்தான் சொல்வார். மெஷின் இல்லாத நாட்களில், வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடைக்கு அரை நாள் போவார். அங்கே மட்டும் கை தானாக வேலை செய்யும்.

இதிலிருந்து வெளியே வர அவருக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. இறந்துபோன யாரோ ஒருவருடைய கிட்னி அவருக்குப் பொருந்தி வர வேண்டும். மனைவி தன்னுடையதைக் கொடுக்க ஒற்றைக் காலில் நின்றாள், ரத்தம் சேரவில்லை. மைத்துனன் டெஸ்ட் வரைக்கும் வந்தான், அவனுக்கே சர்க்கரை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆகவே டோனர் ஆஸ்பத்திரியில் பேர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார். உறுப்பு மாற்றுப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் கோஆர்டினேட்டர் அம்மா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"எப்ப வேணா கூப்பிடுவோம். நீங்க எடுக்கலன்னா உங்க வீட்டம்மா நம்பருக்கு அடிப்போம். அதையும் எடுக்கலன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுவோம் சார். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது. கிட்னி யாருக்காகவும் காத்திருக்காது."

டோனர் தலையாட்டினார். மனைவி மட்டும் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தாள். அந்தப் பைக்குள்தான் அந்தப் போன் இருந்தது.

அந்தப் போனைப் பற்றிச் சொல்லாமல் டோனரைப் பற்றிச் சொல்ல முடியாது. செங்கல் கனத்தில் ஒன்று. ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற போன் மாதிரி கம்பெனிக்காரன் பூட்டி அனுப்பிய போன் இல்லை அது. உள்ளே ஓடுவது லினக்ஸ். கம்ப்யூட்டரில் ஓடுகிற அதே லினக்ஸைச் சுருக்கிக் கைக்குள் அடைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம், மாற்றி எழுதலாம். முதுகு மூடியைக் கழற்றினால் மைக்கையும் கேமராவையும் நிஜமாகவே அணைக்கிற குட்டிக் குட்டி சுவிட்சுகள். ஸ்குரூ டிரைவர் இருந்தால் போதும், முழுப் போனையும் மேசைமேல் பரப்பிவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. போட்டோ எடுத்தால் மட்டும் மனுஷன் முகம் பச்சையாகத் தெரியும். பேங்க் ஆப் ஓடாது, பணம் அனுப்ப மனைவியின் போனைத்தான் கெஞ்ச வேண்டும். வழி கேட்டால், அந்த இடத்தைத் தாண்டிப் போன பிறகு காட்டும். மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று அவர் பையில் இன்னொரு பாட்டரியைப் போட்டுக்கொண்டே அலைந்தார். இதை ஒரு மனுஷன் ஆசைப்பட்டு, காத்துக்கிடந்து வாங்கினார் என்றால் என்ன சொல்வது?

அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. ஜெராக்ஸ் மெஷின்களுக்குள் கையை விட்டே வயதைத் தொலைத்தவர் அவர். டோனர் டப்பாவில் ஒரு சின்ன சிப்பைப் பதித்துவிடுவார்கள். தூள் பாதி இருக்கும், சிப் 'தீர்ந்துவிட்டது' என்று சொல்லும், மெஷின் நின்றுவிடும். வெளியே தூள் வாங்கி நிரப்பினால் மெஷின் ஏற்றுக்கொள்ளாது. "காசு குடுத்தது நீங்க, ஆனா அது கேக்குறது கம்பெனிக்காரன் பேச்சை" என்று வருகிற வாடிக்கையாளரிடம் எல்லாம் புலம்புவார். போனாவது தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம். கிட்னி போய், பசி போய், ருசி போய் எல்லாம் போன பிறகும் இந்த ஒரு வைராக்கியம் மட்டும் எப்படியோ மிஞ்சியிருந்தது. மனைவிக்கும் அது தெரியும். அதனால்தான் அவள் அந்தப் போனைக் குப்பையில் வீசவில்லை.

மைத்துனன் அப்படி விடுகிற ஆள் இல்லை. அவன் போன் கடை வைத்திருப்பவன்.

"மாமா, இது போனா, இல்ல நீங்க வளர்க்கிற குழந்தையா? தூங்குது, முழிக்க மாட்டேங்குது, நேரத்துக்குச் சோறு ஊட்டணும்."

"பழகினா சரியாயிடும்."

"தினசரிக்கு ஆகுமா இது? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

"எனக்கு ஆகுது."

மனைவிக்குப் போன் பச்சையாகப் படம் எடுத்ததெல்லாம் கவலை இல்லை. அவளுடைய கவலை தூக்கத்தில் இருந்தது. சார்ஜை மிச்சம் பிடிக்க அந்தப் போன் அடிக்கடி தூங்கிவிடும். அழைப்பு வந்தால் விழிக்க வேண்டும். ஆரம்பத்தில் சில தடவை விழிக்கவில்லை. டோனர் டயாலிசிஸ் படுக்கையில் படுத்துக்கொண்டே, ஒற்றைக் கையால், ஒரு குட்டிக் கீபோர்டைச் செருகி எதையெதையோ மாற்றி எழுதினார். அதற்குப் பிறகு விழித்தது. ஆனாலும் அவள் நம்பவில்லை. கூட ஒரு சாதாரணப் போன் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அவர் மாட்டேன் என்றார். தம்பி நம்பரையும் ஆஸ்பத்திரியில் கொடுக்கலாம் என்றாள். மாதத்துக்கு ஒரு நம்பர் மாற்றுகிற போன் கடைக்காரன் நம்பரைக் கொடுத்து என்ன செய்வது? கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள்.

அவள் வேலை பார்த்தது கண் மருந்து அடைக்கிற தொழிற்சாலையில். தூசி ஆகாத கூடம். தலைக்கு வலைத்தொப்பி, காலுக்கு உறை. போனை வாசலில் இருக்கிற லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பக் கண்ணில் காட்டுவார்கள். அதனால் லாக்கரைப் பூட்டுவதற்கு முன் அவள் அவருக்கு ஒரு ரிங் விடுவாள். அவர் எடுக்கக்கூடாது, கட் பண்ண வேண்டும். கட் ஆனால் போன் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அவள் நிம்மதியாக உள்ளே போவாள். கட் ஆகாவிட்டால் இன்னொரு தடவை விடுவாள். அதற்கும் பதில் இல்லையென்றால் கடைக்கோ பக்கத்து வீட்டுக்கோ கூப்பிட்டு, போனை அணைத்துப் போடச் சொல்வாள். ஒருநாள் தவறாமல் இது நடந்தது. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு ஒழுங்காக இருவரும் பேசிக்கொண்டதில்லை.

டோனரும் தன் பங்குக்கு ஒரு வேலை செய்திருந்தார். மணி உடனே அடித்துவிடும், திரை விழித்துப் பேரைக் காட்டத்தான் நேரம் பிடிக்கும். அதுவரை காத்திருப்பானேன் என்று, சத்தம் குறைக்கிற பொத்தானை அமுக்கினால் அழைப்பு கட் ஆகிவிடும்படி எழுதிவைத்தார். பையிலிருந்து எடுக்கக்கூட வேண்டாம், சட்டைக்கு மேலேயே ஒரு அமுக்கு. "பாத்தியா, வேற எந்தப் போன்லயாவது நம்ம இஷ்டத்துக்கு இப்படிப் பண்ண முடியுமா?" என்று மனைவியிடம் காட்டினார். அன்றைக்கு அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அதற்காகவே அவள் "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள்.

அது நடந்த நாள் டயாலிசிஸ் இல்லாத நாள். மனைவி எப்போதும்போல் அடித்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். டோனர் சமையலறையில் நின்று மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டிருந்தார். கோடு போட்ட டம்ளரில், கோடு வரைக்கும் தண்ணீர். அவள் ரிங் விடுகிற நேரந்தான். சட்டைப் பையில் போன் அடித்தது. சட்டைக்கு மேலேயே பொத்தானை அமுக்கினார். நின்றது. மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும்போது மறுபடியும் அடித்தது.

"கட் ஆனது அவளுக்குத் தெரியல போல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இன்னொரு அமுக்கு அமுக்கினார். போன் சொன்ன பேச்சைக் கேட்டு உடனே அடங்கியது.

கதவைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். வக்கீல் ஆபீசிலிருந்து வந்த பெரிய மெஷின் ஒன்று வயிற்றைத் திறந்துகொண்டு நின்றது. எந்தத் தாளைப் போட்டாலும் கசக்கித் துப்புகிறதாம். ரோலரைக் கழற்றித் துடைத்து முடிப்பதற்குள் மதியம் நெருங்கிவிட்டது. அடியில் ஒரு கிளிப் சிக்கியிருப்பது போல் தெரிந்தது. வெளிச்சம் போட்டுப் பார்க்கலாம் என்று போனை எடுத்தார். திரையில் இரண்டு அழைப்புகள் காட்டின. இரண்டிலும் உறுப்பு மாற்றுப் பிரிவின் பேர். இன்றைய அழைப்பில் மனைவியின் பேரே இல்லை.

அவர் டார்ச்சைப் போட்டார். கிளிப் தெரிந்தது. குறடால் பிடித்து மெதுவாக இழுத்து வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தார், படபடக்கவில்லை. யாரோ ஒருவருடைய வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று கேள்விப்பட்ட மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கூப்பிட்டார்.

"சார், நீங்களா," என்றாள் கோஆர்டினேட்டர் அம்மா.

"காலையில கூப்பிட்டிருக்கீங்க."

"ரெண்டு தடவை கூப்பிட்டேன். ரெண்டு தடவையும் கட் பண்ணிட்டீங்க. வீட்டம்மாவுக்கும் அடிச்சேன், எடுக்கல."

"இப்ப கிளம்பி வரட்டா?"



"அடுத்தவர் வந்துட்டார் சார். டெஸ்ட் எல்லாம் பொருந்திடுச்சு. தியேட்டருக்குள்ள கொண்டு போயிட்டாங்க."

"ம்."

"சிலபேர் கடைசி நேரத்துல பயந்துபோய் கட் பண்ணிடுவாங்க. நீங்களும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"பயமெல்லாம் இல்ல."

"பின்ன ஏன் சார்?"

டோனர் யோசித்தார். மனைவி விடுகிற ரிங், உடன்படிக்கை, பொத்தான் எல்லாவற்றையும் ஒருவருக்கு எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது? "கை தவறிடுச்சு," என்றார்.

"உங்க பேர் அப்படியேதான் இருக்கு. அடுத்தது வந்தா கண்டிப்பா கூப்பிடுவேன்."

"எப்ப வரும்?"

"அதை நான் எப்படி சார் சொல்றது."

அவர் வைக்கப்போனார். அப்போதுதான் அவருக்கு மனைவியின் ஞாபகம் வந்தது. மதியம் லாக்கரைத் திறப்பாள், ஆஸ்பத்திரி நம்பரைப் பார்ப்பாள். ரிங் விடும் யோசனையே அவளுடையதுதான். அவளுடைய ரிங் என்று நினைத்துத்தான் அவர் கட் பண்ணினார் என்று தெரிந்தால், ஆயுசுக்கும் தன்னையே தின்றுகொண்டிருப்பாள். இவ்வளவு நாள் அவருக்காக மாடாய் உழைத்தவள். அந்த எண்ணம் மட்டும் அன்று அவருக்குக் கொஞ்சம் வலித்தது.

"அம்மா, ஒரு உதவி. என் வீட்டுக்காரி கேட்டா, எனக்கு லைன் கிடைக்கலன்னு சொல்லிடுங்க."

"ஏன் சார் அப்படி?"

"சொல்லிடுங்க. அவ தாங்க மாட்டா."

"சரி சார். லைன் கிடைக்கலன்னே சொல்றேன்."

அடுத்து போனில் இருக்கிற சுவடை அழிக்க வேண்டும். மற்றவர்கள் போனில் விரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் அழைப்பு விவரம் போய்விடும். இந்தப் போனில் அந்த வசதியை இன்னும் எந்தப் புண்ணியவானும் எழுதவில்லை. டோனர் குட்டிக் கீபோர்டைச் செருகினார். கட்டளை எழுதுகிற கருப்புத் திரையைத் திறந்து, வரி வரியாகத் தட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டு அழைப்பும், அவர் திரும்பக் கூப்பிட்டதும், இருந்த இடம் தெரியாமல் போயின. போன் அவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தது. பிறகு அவர் வக்கீல் ஆபீஸ் மெஷினுக்கு ரோலரை மாட்டி, ஒரு வெள்ளைத் தாளைப் போட்டுப் பார்த்தார். கசங்காமல் வந்தது.

மதியம் தாண்டியதும் மனைவி கடைக்கே வந்துவிட்டாள். தலையில் வலைத்தொப்பி அப்படியே இருந்தது, அதோடுதான் பஸ்ஸில் வந்திருக்கிறாள். கடை முதலாளி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போகிறேன் என்று வெளியே நழுவினார்.

"ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். உங்களுக்கு லைன் கிடைக்கலன்னாங்க."

"ம்."

"அடிக்கவே இல்லையா?"

"அடிக்கல."

அவள் போனைத் திட்டப்போகிறாள் என்று டோனர் காத்திருந்தார். திட்டித் தீர்த்துவிட்டால் அவள் மனசு ஆறிவிடும். ஆனால் அவள் திட்டவில்லை. டோனர் டப்பா வந்த அட்டைப்பெட்டியின்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நான் இன்னிக்கு ரிங் விடலைங்க."

அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"பஸ் லேட்டு. கேட்டைச் சாத்தப்போறாங்கன்னு ஓடினேன். ஒருநாள் விடலன்னா என்ன ஆயிடப்போகுதுன்னு போனை உள்ள போட்டுப் பூட்டிட்டேன். விட்டிருந்தா, அடிக்கலன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும்ல? பக்கத்து வீட்டுக்காவது சொல்லி அணைச்சுப் போடச் சொல்லியிருப்பேன். அவங்க கூப்பிட்டப்ப எடுத்திருப்பீங்க." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தாங்க. நான்தான் கெடுத்தேன். கைக்கு வந்ததை நானே தட்டிவிட்டேன்."

தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். டோனர் இதை எதிர்பார்க்கவில்லை. அவளைக் காப்பாற்றச் சொன்ன பொய் நேராகப் போய் அவள் தலையிலேயே விழுந்துவிட்டது. போன் அடிக்கவில்லை என்றால் ரிங் விடாதவள் குற்றவாளி. அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இங்க பாரு. அழாத. போன் அடிச்சுது."

அவள் நிமிர்ந்தாள்.

"ரெண்டு தடவை அடிச்சுது. நீதான் ரிங் விடுறன்னு நினைச்சு நான் கட் பண்ணிட்டேன். உன்மேல தப்பு இல்ல. நான் எடுத்துப் பாத்திருக்கணும், பாக்கல."

"இப்பத்தான அடிக்கலன்னு சொன்னீங்க?"

"அது பொய்."

"போனைக் குடுங்க."

கொடுத்தார். அவளுக்கு அந்தப் போனில் எது எங்கே இருக்கும் என்று தெரியும், மாமாங்கமாக அதோடு மல்லுக்கட்டுகிறவள். அழைப்புகளைத் திறந்து பார்த்தாள். கடைசியாக இருந்தது முந்தின நாள் அவள் விட்ட ரிங். அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

"எங்க?"

"அழிச்சுட்டேன்."

"ஆஸ்பத்திரியில லைன் கிடைக்கலன்னு சொன்னாங்களே?"

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

அவள் அவரையே பார்த்தாள். அழுகை அப்படியே நின்றுபோனது. மூக்கு நுனி சிவந்தது.

"ஏங்க, எவ்வளவு சாக்குச் சொல்லியிருப்பீங்க இதுக்காக எங்கிட்ட. சார்ஜ் நிக்கலன்னா குளிர்னால. அடிக்கலன்னா டவர்னால. பேங்க் ஆப் ஓடலன்னா அது பேங்க்காரன் தப்பு. என்னிக்காவது ஒருநாள், ஒரே ஒருநாள், இந்தப் போன்மேல தப்புன்னு உங்க வாயில வந்திருக்கா?"

"இல்ல, நிஜமாவே—"

"இன்னிக்குக் கிட்னியே போயிடுச்சு. இப்பவும் இதை விட்டுக்கொடுக்க மனசு வரல உங்களுக்கு. இதைக் காப்பாத்த, நானே கட் பண்ணேன்னு உங்கமேலயே பழியைப் போட்டுக்கிறீங்க. ஆஸ்பத்திரிக்காரங்களையும் பொய் சொல்றவங்களா ஆக்குறீங்க. என்ன ஜென்மங்க நீங்க?"

குரல் உயர்ந்துகொண்டே போனது. வாசலில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டோனர் வாயைத் திறந்தார். இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு, அந்த அம்மாவையே உண்மையைச் சொல்ல வைக்கலாம். அதற்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் மனைவியின் முகத்தில் இப்போது அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. நான்தான் கெடுத்தேன் என்ற பேச்சு காணாமல் போயிருந்தது. இந்தக் கோபத்தோடு அவளால் வீட்டுக்கு நடந்து போக முடியும். சாப்பிட முடியும். நாளைக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போக முடியும். அவர் வாயை மூடிக்கொண்டார். பழையபடி உள்ளே ஒன்றும் இல்லாமல் ஆனது.

"என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க," என்றாள். "அடிச்சுதா, இல்லையா?"

டோனர் அவள் கண்ணைப் பார்த்தார்.

"அடிக்கல."

"அப்படி வாங்க வழிக்கு," என்று சொல்லி, அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.